பிரித்துப் பிரித்துத் தைத்த போர்வை

மார்ச் 4

மறுபடியும் பிரித்துவிட்டார், என் வீட்டுக்காரர். நான் மருந்துக் கடைக்குப் போய் வருவதற்குள் போர்வையில் ஒரு வரிசை முழுக்கத் துண்டு துண்டாகக் கட்டில்மேல் கிடக்கிறது. நேற்று இடுப்பொடிய உட்கார்ந்து தைத்த வரிசை. பச்சைக் கட்டம், மஞ்சள் பூ, வெள்ளைக் கோடு எல்லாம் தனித்தனியாக, விற்க வைத்த மாதிரி. நூலை மட்டும் பத்திரமாக உருட்டித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

கத்தினேன். கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டருக்கென்ன, அவரா தைத்தார்?

மார்ச் 6

ஒட்டுப் போர்வை தைப்பது ஒன்றுதான் எனக்கென்று இருந்த விஷயம். பழைய துணியைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணி போட்டு, ஓரம் மடித்தால் முடிந்தது. ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம். இதுவரை தைத்ததையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. இந்த ஒன்று அவருக்கு. எப்போதும் குளிர்கிறது என்கிறாரே.

தைக்கும்போது வேறு இடமில்லாமல் அவர் காலில்தான் விரிக்கிறேன். எடுத்தால் அழுகிறார். விட்டால் பிரிக்கிறார். நான் என்னதான் செய்வது?

மார்ச் 11

இன்று கோபப்படாமல் உற்றுப் பார்த்தேன். துணியில் ஒரு கிழிசல் இல்லை. ஊசித் துளைகூடப் பெரிதாகவில்லை. கட்டைவிரல் நகத்தால் ஒரு தையலைக் கிளப்பி, அறுத்து, சில தையல் தள்ளி இன்னொன்றை அறுத்து, மறுபக்கத்து நூலை இழுக்கிறார். சர்ரென்று வந்துவிடுகிறது. தன் தையல் கடையில் பிளேடால் செய்த அதே வேலை.

அவர் புதுத்துணி தைத்தவரே இல்லை. வாழ்நாள் முழுக்க ஆல்டரேஷன்தான். பிடிப்பதும் லூசாக்குவதும், கால் குறைப்பதும் இறக்கிவிடுவதும். நான் மெஷினில் உட்கார்ந்தால் பின்னால் வந்து நின்று, உன் தையல் குடிச்சுட்டுப் போறவன் மாதிரி போகுது என்பார். பெற்ற பெண்ணின் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. என்னை யாரென்று தெரியவில்லை. கை மட்டும் இன்னும் கடைக்குப் போய் வருகிறது.

மார்ச் 13

ஒரு யோசனை வந்தது. கோணல் தையலை மட்டும்தான் பிரிக்கிறாரோ? அப்படியென்றால் உள்ளே எங்கேயோ அவர் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நூல் பிடித்த மாதிரி ஒரு வரிசை தைத்தேன். என் ஜென்மத்தில் அவ்வளவு நேராகத் தைத்ததில்லை. அவர் காலில் விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி.

மார்ச் 14

அதையும் பிரித்துவிட்டார். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

மார்ச் 22

மகள் வந்திருந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் காப்பகத்தில் ஒரு கட்டில் காலியாகப் போகிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சுத்தமாக இருக்கிறதாம், ஜன்னல் பெரிதாம். அப்பாவைக் குளிப்பாட்ட ஆம்பிளை ஆள் உண்டாம்.

“அம்மா, உன்னால முடியல. ஒத்துக்கோ. போன வாரம் அவரைத் தூக்கப் போய் நீயும் விழுந்திருக்க.”

நான் விழுந்ததை அவளுக்குச் சொன்னது யார்? கீழ் வீட்டு டீச்சராகத்தான் இருக்கும். அந்த வாயில் எதுவும் தங்காது.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருந்தார். “அவர் கை வேலை செய்யுற வரைக்கும் எங்கயும் அனுப்ப மாட்டேன்” என்றேன்.

அவள் அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி. ஆனா அது நின்னுட்டா அப்புறம் நீ மல்லுக்கட்டக் கூடாது” என்றாள். தலையாட்டினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய்க்கு வந்ததைச் சொல்லி மாட்டிக்கொள்வதே எனக்குப் பிழைப்பு.

ஏப்ரல் 3

இன்று எனக்கு வெறி. எதற்குத்தான் தைக்கிறேன்? மெஷினில் போட்டு நெருக்கமாக இரட்டைத் தையல் ஓட்டிவிட்டேன். இப்போ பிரிங்க பார்ப்போம் என்று அவர் காலில் போட்டுவிட்டுச் சமைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது நகம் பிய்ந்து இரத்தம். வெள்ளைக் கோடு போட்ட துண்டெல்லாம் சிவப்பு. வலிக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாமல், அந்த நகத்தாலேயே இன்னும் நோண்டிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது.

ஐயோ, நான் மனுஷியா? பச்சைப் புள்ள மாதிரி ஆயிட்டவர்கிட்ட போயி ஜெயிக்கப் பாத்தேனே.

ஏப்ரல் 4

இரட்டைத் தையலை எல்லாம் நானே பிரித்தேன். மத்தியானம் முழுக்க ஆனது. இனிமேல் கையால்தான். நீளநீளமாக, லேசாக, இழுத்தால் வருகிற மாதிரி.

ஏப்ரல் 19

காலையில் நான் தைப்பேன். மாலையில் அவர் பிரிப்பார். மறுநாள் அதே துண்டுகள், அதே துளைகள். டீச்சர் வந்து பார்த்துவிட்டு, நல்ல ஜோடிப் பொருத்தம் என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகு அழுகை வந்தது. இரண்டுக்கும் நடுவில் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

மே 2

இன்று பேசினார். ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து, என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்க வியாழக்கிழமை வாங்கம்மா. முடிச்சு வச்சிடறேன்” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை ‘நீங்க’ என்று சொன்னதில்லை. ஞாபகம் போய் மரியாதை வந்திருக்கிறது. சரிங்க, வர்றேன் என்றேன். வேறென்ன சொல்ல? சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

மே 20

பாதி வரிசைதான் பிரித்திருந்தார். தூக்கம் அதிகம். புது மருந்தாக இருக்கும்.

ஜூன் 1

ஒரே ஒரு துண்டு.

ஜூன் 5

மருந்தால் இல்லையாம். டாக்டர் நோயின் போக்கு என்றார்.

ஜூன் 8

விரல் துணிமேல் ஊர்கிறது. பிடிக்க மாட்டேன் என்கிறது. நூலின் நுனியை விரலிடுக்கில் வைத்துப் பார்த்தேன். வைத்துக்கொண்டார். இழுக்கவில்லை.

“கோணலா இருக்கு பாருங்க. பிரிச்சிடுங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்தார், வழி தெரியாத ஊரில் யாரோ வழி கேட்ட மாதிரி.

ஜூன் 10

மகள் போன் செய்தாள். அப்பா பிரிக்கிறாரா என்று கேட்டாள். ஓ, வேலை ஜோராக நடக்கிறது என்றேன்.

ஜூன் 15

இன்று வீடியோவில் வந்தாள். அவள் வருவதற்கு முன்பே நான் உட்கார்ந்து ஒரு வரிசையைப் பிரித்து, துண்டுகளை அவர் மடியில் பரப்பி, நூலை அவர் உள்ளங்கையில் வைத்திருந்தேன். அவர் பிரிக்கிற மாதிரி எனக்கு வரவில்லை. இரண்டு இடத்தில் துணி கிழிந்துவிட்டது.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். “சரிம்மா. நீ சாப்டியா?” என்று மட்டும் கேட்டாள். துணிக் கிழிசலைக் கண்டுபிடித்திருப்பாள். தையல்காரர் பெண் இல்லையா.

ஜூன் 16

யாரை ஏமாத்தறேன்? அவளையா? அவரையா?

ஜூன் 23

குளியலறையில் இருவரும் விழுந்தோம். எழுந்திருக்க முடியவில்லை. டீச்சரும் அவள் வீட்டுக்காரரும் கதவைத் தள்ளித் திறந்து தூக்கினார்கள். வாயாடி என்று நான் சொன்ன அதே டீச்சர் ஈரத்தோடு அவரைத் துடைத்து, சட்டை மாட்டி, ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.

ஜூன் 30

நாலு ஓரமும் மடித்துத் தைத்தேன். கிழிந்த இரண்டு இடத்திலும் ஒட்டுப் போட்டேன். காலையில் அவர்மேல் விரித்தேன். சாயங்காலமும் விரித்தபடியே இருக்கிறது. ஒரு தையல் பிரியவில்லை. அழகாகத்தான் வந்திருக்கிறது. எப்போதும்போல் கொஞ்சம் கோணல்.

மகளுக்கு போன் செய்து, “போர்வை முடிஞ்சிடுச்சும்மா” என்றேன்.

சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன் என்றாள். மெத்தை, தலையணை எல்லாம் காப்பகத்திலேயே கொடுப்பார்களாம். போர்வை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டுமாம்.