ஊதாப் புயல் இறந்தானாம்

மார்ச் 3, செவ்வாய்

மை கொட்டிவிட்டது. பதினான்காம் பக்கத்தில், சரியாக வில்லனின் மூக்கு மேல். வெள்ளை பூசி, காயவைத்து, மறுபடி அவனுடைய "ஹா ஹா"வை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறி ஏடு கட்டிப்போயிற்று.

அப்போதுதான் கதையக்கா கையில் கேக்கோடு உள்ளே வந்தார். எங்கள் வாரப் பத்திரிகையில் பத்தொன்பது வருடமாக ஊதாப் புயலின் சாகசங்களைப் படக்கதையாக எழுதுபவர். ஆசிரியரின் மனைவியும்கூட. ஆனால் அலுவலக வாசற்படி ஏறியதும் அவர் இவருக்கு "சார்", இவர் அவருக்கு "மேடம்".

"யாருக்குக்கா பிறந்த நாள்?"

"யாருக்கும் இல்ல. இந்த மாசத்தோட அவனை முடிச்சிடறேன்."

"யாரை?"

"புயலைத்தான். வேற யாரை முடிக்க முடியும் என்னால?"

நல்ல கேக். தொண்டையிலேயே நின்றுவிட்டது.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று பத்து வருடமாக ஆசையாம். புயல் இருக்கும் வரை அது நடக்காது. ஆசிரியர் உடனே சம்மதித்தது எனக்கு ஆச்சரியம்தான். "செத்தா நல்லதுதான் மேடம். படிக்கிறவங்க பதறிப்போவாங்க. ஆறு மாசம் கழிச்சு எழுப்பிடலாம். இரட்டைப் பிறவி, கனவு, காலயந்திரம்... வழியா இல்ல?" என்றார்.

கதையக்கா கேக் வெட்டுவதை நிறுத்தினார். "என் ஆள் செத்தா செத்ததுதான். எழுப்ப மாட்டேன்னு வாக்குக் குடுங்க."

வாய் நிறைய கேக்கோடு வாக்குக் கொடுத்தார்.

மார்ச் 4, புதன்

நாள் முழுக்க இதே நினைப்பு. எனக்கென்ன வந்தது? நான் கதை எழுதுகிறவளா, படம் வரைகிறவளா? ஓவியர் வரைந்து கொடுக்கும் பக்கங்களில் பேச்சுப் பலூனுக்குள் வசனத்தை எழுதுகிறவள். எழுத்துக்காரி. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்பது வருடமாக அவன் வாயைத் திறந்தால் வருவது என் கையெழுத்து. அவன் கத்தினால் தடித்த எழுத்து, முணுமுணுத்தால் நூல் மாதிரி. ஊதா நிற உடை போட்டிருப்பதால் ஊதாப் புயல். "இத்தனை வருஷமா ஊதாத புயல்" என்று அச்சகத்துக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அப்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொந்தக்காரனைச் சொன்ன மாதிரி.

மார்ச் 5, வியாழன்

அண்ணனிடம் சொல்லவில்லை. தொழில் ரகசியம்.

இந்த வீட்டில் நானும் அவனும் மட்டும்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தாறு வயது. பத்திரிகை வெளியாகும் வியாழக்கிழமைகளில், ஏதோ ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்து புயலைப் படித்துவிட்டுத்தான் சாப்பாட்டுப் பையைத் திறப்பான். கடைக்கு வருவதற்கு முந்தின நாளே நான் ஒரு பிரதி கொண்டுவர முடியும். வேண்டாம் என்பான். "காசு குடுத்து வாங்கிப் படிச்சாதான் படிச்ச மாதிரி இருக்கும்."

இன்று சாப்பிடும்போது, "கடைசியில இடியற அந்தப் பாலத்தை எப்படியும் தாங்கிப் பிடிச்சிடுவான், பாரேன்" என்றான்.

தண்ணீர் குடித்தேன். நிறையக் குடித்தேன்.

மார்ச் 11, புதன்

என்ன செய்துவிட்டேன்?

முதலிலிருந்து எழுதுகிறேன். காலையில் கடைசிப் பக்கங்கள் வந்தன. ஓவியர் உயிரைக் கொடுத்து வரைந்திருந்தார். பாலம் இடிகிறது. அதில் நிற்கும் பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கும் வரை புயல் தோளில் தாங்குகிறான். கடைசி ஆளும் ஓடிய பிறகு பாலம் அவன் மேல் விழுகிறது. தூசி. ஆற்றில் மிதக்கும் ஓர் ஊதாக் கையுறை. கீழே ஒரு பெட்டி. அதற்குக் கதையக்கா கொடுத்த வரி:

அன்று மாலை ஊதாப் புயல் இறந்தான்.

எழுதினேன். இ. ற. ந். தா. ன — புள்ளி வைக்க வேண்டும். வைத்தால் 'ன்'. ஆள் தீர்ந்தான். பேனாவைத் தூக்கினேன். கை இறங்கவில்லை. பெட்டியில் இன்னும் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. புள்ளிக்குப் பதில் பக்கத்தில் ஒரு காலைப் போட்டேன். கால் கிடைத்தால் அவன் எங்கேயாவது ஓடிவிட மாட்டானா? அதற்கப்புறம் ஒரு 'ம்'.

இறந்தானாம்.

யாரோ சொன்னார்கள், நாங்கள் கேட்டோம், பார்த்தது யாருமில்லை. ஒரே ஒரு 'ஆம்'தான். வேலை போகும். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் பக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் கண்ணாடியைப் பார்த்தால் — சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

அச்சுக்குப் போய்விட்டது. எல்லோரும் கையுறையைத்தான் பார்த்தார்கள்.

மார்ச் 19, வியாழன்

மதியத்துக்குள் கடைகளில் ஒரு பிரதி இல்லை. ஆசிரியர் இரண்டு போனை இரண்டு காதில் வைத்துப் பேசினார். கதையக்கா ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அழுதாரோ என்னவோ, கிட்டப் போக எனக்கு முகம் இல்லை.

அண்ணன் சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தான்.

"செத்துட்டான்" என்றான்.

"சரியாப் படிச்சியா?"

"படிக்க என்ன இருக்கு? அதான் கையுறை மிதக்குதே."

"கீழ எழுதியிருக்கிறதைப் படிச்சியான்னு கேக்குறேன்."

"நீ எழுதினதுதானே? உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

 

மார்ச் 24, செவ்வாய்

கடிதங்கள். மூட்டை மூட்டையாக. பிரிக்க ஆளில்லாமல் நானும் ஓவியரும் உட்கார்ந்தோம். ஒருவர் ஊதா மையில் இரங்கற்பா எழுதியிருந்தார். ஒருவர் ஆசிரியரின் வீட்டு முகவரி கேட்டிருந்தார், காரணம் சொல்லாமல்.

அடியில் ஒன்று: "மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, நான் இரண்டு குழந்தைகளின் தாய். புயல் மறைந்த நாள் முதல் என் செல்வங்கள் உணவைத் தொடவில்லை. இந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது." கையெழுத்தைப் பார்த்தேன். 'ழ'வின் வாலை லிஃப்ட் கயிறு மாதிரி கீழே இழுத்துவிடுகிறவன் இந்த உலகத்தில் ஒருவன்தான்.

என் அண்ணன். இரண்டு குழந்தைகளின் தாய்.

சிரிப்பு தாங்காமல் மேஜைக்கு அடியில் பேனா தேடுவதுபோல் குனிந்து கொண்டேன். ஓவியர், "அழாதீங்க, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார்.

மார்ச் 26, வியாழன்

பிடிபட்டது. நான் இல்லை, 'ஆம்'.

ஒரு தமிழாசிரியை நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். 'இறந்தானாம்' என்பது கேள்விப்பட்டதைச் சொல்வது, கண்டதைச் சொல்வதல்ல, எனவே புயல் உயிரோடு இருக்கிறான், இலக்கணப்படி. அடுத்த கடிதக் கட்டில் இதே மாதிரி இன்னும் முப்பது பேர்.

ஆசிரியர் படித்துக்கொண்டிருக்கும்போதே விநியோகஸ்தர் போன் செய்தார். அவருக்கும் செய்தி எட்டியிருக்கிறது. "யாரு சார் குடுத்தது இந்த ஐடியா?" என்று அவர் கேட்டது வெளியே வரை கேட்டது. ஆசிரியர் மூச்சுக்கூட விடாமல் சொன்னார்: "நான்தான்."

கதையக்கா கதவருகில் நின்றிருந்தார்.

கத்தவில்லை. கைப்பையை எடுத்தார். "வாக்குக் குடுத்தீங்க சார்" என்றார். போய்விட்டார்.

மார்ச் 27, வெள்ளி

கதையக்கா வரவில்லை. ஆசிரியர் நேற்றைய சட்டையிலேயே வந்திருக்கிறார். வீட்டிலும் பேச்சு கிடையாதாம். ஓவியர் விசாரித்துச் சொன்னார். அக்கா ஒரு சீட்டில் "ராஜினாமா" என்று எழுதி, சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறாராம். பத்திரிகை வேலையிலிருந்தா, மனைவி என்கிற வேலையிலிருந்தா, ஆசிரியருக்கே புரியவில்லையாம்.

ஐயோ, நான் சிரிக்கக் கூடாது. இது என்னால் வந்தது. அந்த மனுஷன் பொய் சொன்னார், அது அவர் தப்பு. ஆனா வாக்கை மீறினது அவர் இல்லையே, நான்தானே. இருபது வருஷக் குடித்தனத்தை ஒரு துணைக்காலை வச்சுக் கவுத்துட்டேனே. வாயைத் திறந்தா வேலை போகும். திறக்கலைன்னா?

மார்ச் 29, ஞாயிறு

போனேன். காலையிலேயே, தைரியம் கரைவதற்குள்.

கதவைத் திறந்தது ஆசிரியர். ஒரு கையில் கரண்டி. கதையக்கா கூடத்தில் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு, அவர் இருப்பதே தெரியாதவர்போல் தட்டிக்கொண்டிருந்தார்.

நின்றபடியே சொன்னேன். "அக்கா, சார் மாத்தலை. நான்தான் மாத்தினேன்."

தட்டுவது நின்றது.

"எதுக்கு?" என்றார்.

"பெட்டியில இடம் இருந்துச்சுக்கா."

"இடம் இருந்துச்சா?"

"இல்லக்கா. புள்ளி வைக்க முடியலை. ஒன்பது வருஷமா அவன் பேசினதெல்லாம் இந்தக் கைதான். இதே கையால எப்படிக்கா... உங்க ஆள்னு தெரியும். உங்ககிட்டக் கேட்டிருக்கணும். என்னை அனுப்பிடுங்க. ஆனா சாரோட பேசுங்க."

கதையக்கா என்னையே பார்த்தார். பிறகு ஆசிரியர் பக்கம் திரும்பினார். மூன்று நாளில் முதல் தடவையாக இருக்க வேண்டும். "அப்ப நீங்க ஏன் நான்தான்னு சொன்னீங்க?"

ஆசிரியர் கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நல்லா இருந்துச்சும்மா. எனக்குத் தோணியிருக்கக் கூடாதான்னு ஆசையா இருந்துச்சு."

அக்கா முதலில் தும்முகிறார் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "ஒரு 'ஆம்' போட்டு என்னை முட்டாளாக்கினாளே. பத்தொன்பது வருஷத்துல எனக்கு இது தோணலையே." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

"மன்னிச்சுட்டீங்களாக்கா?"

"இல்ல. தண்டனை உண்டு. நான் அவனை எழுப்ப மாட்டேன், அதுல மாற்றம் இல்ல. நீ காப்பாத்தின, நீயே எழுது."

"நானா?"

"மூணு வாரம் தர்றேன்" என்றார் ஆசிரியர். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை. இரண்டு பேரும் ஒன்றாக ஓடினார்கள்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். கையில் டிக்கெட் இருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

இரட்டைச் சகோதரன்: அசிங்கம். கனவு: அதைவிட அசிங்கம். மூலிகை: கை கூசுகிறது. கையுறை மட்டும் திரும்பி வந்து தனியாகக் குற்றவாளிகளைப் பிடித்தால்? ஓவியர் விழுந்து விழுந்து சிரித்தார், நல்ல விதமாக அல்ல.

ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணனிடம் மெதுவாக விட்டுப் பார்த்தேன். "ஒருவேளை அவன் திரும்பி வந்தா?"

"வர வேண்டாம்."

"ஏன்? உனக்குப் பிடிக்குமே."

"ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கலை. நாளைக்கு அவன் வந்து 'சும்மா விளையாட்டுக்கு'ன்னு பல்லைக் காட்டினா, நான் பட்டது எந்தக் கணக்கு? செத்தவனைக் கொண்டுவரலாம். அழுதவனை என்ன பண்ணுவாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு வரிகூட எழுத முடியாது என்று புரிந்தது. பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன்: "லிஃப்ட் பாதியில நின்னுட்டா நீ மொதல்ல என்ன செய்வே?"

"பேசுவேன்."

"யாரோட?"

"உள்ள மாட்டிக்கிட்டவங்களோட. கதவுல தட்டி, 'வந்துட்டேன்'னு சொல்லுவேன். திறக்க அரை மணி ஆகும். ஆனா அந்த ஒரு வார்த்தையிலயே பாதிப் பயம் போயிடும்."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். "சாப்பிட்டுப் போ" என்று கத்துகிறான். எங்கே சாப்பிடுவது?

ஏப்ரல் 9, வியாழன்

முடித்துவிட்டேன். பதினாறு பக்கம். புயலை ஆறு அடித்துக்கொண்டு போய்க் கரையேற்றுகிறது. காலில் அடி, சக்தி போய்விட்டது. சாதாரண சட்டையில் நகரத்துக்கு நடந்து வருகிறான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் அவன் இல்லாத குறையை யாரோ ஒருவர் தன்னால் முடிந்த அளவு நிரப்பிக்கொண்டிருக்கிறார். இடிந்த இடத்தில் பஸ் டிரைவர் வழி காட்டிக்கொண்டு நிற்கிறார். மருந்துக்கடைக்காரி வாடிக்கையாளர்களின் வீட்டுப் படியேறி மருந்து கொடுக்கிறாள். அழுதவர்கள் சும்மா இருக்கவில்லை. அவன் ஒரு லிஃப்டில் ஏறுகிறான், அது நடுவில் நிற்கிறது. ஐந்து பேர் இருட்டில் நடுங்குகிறார்கள், அவனும்தான். வெளியே யாரோ தட்டுகிறார்கள். "வந்துட்டேன்." அதைச் சொல்வது புயல் அல்ல. ஒரு மெக்கானிக்.

கதையக்கா படித்தார். மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். "இந்த மூணும் வளவள. மத்தது என்னைவிட நல்லா இருக்கு. இதை ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்."

குதித்தேன். முப்பத்தெட்டு வயதில், ஆபீஸில், நாற்காலியோடு.

ஏப்ரல் 23, வியாழன்

அண்ணன் பத்திரிகை வாங்குவதை நிறுத்தியிருந்தான். வேலை பார்த்த கட்டடத்துக்குக் கீழே டீக்கடையில் யாரோ கையில் திணித்தார்களாம். மாலை அதைச் சுருட்டிக்கொண்டு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"லிஃப்டுக்கு ஒத்தைக் கயிறா போட்டிருக்கீங்க? கொறஞ்சது நாலு இருக்கும். இதை யாரு வரைஞ்சது?"

"சொல்லிடறேன். அப்புறம்?"

"கதவைத் திறக்கற சாவி இப்படி இருக்காது. முக்கோணமா இருக்கும்."

"சரி. அப்புறம்?"

நின்றான். பத்திரிகையைப் பிரித்தான், மூடினான். "அவன் உள்ள உக்காந்துக்கிட்டு, வெளிய கேக்குற குரலுக்குத் தலையை நிமிர்த்தறான் பாரு, அந்த இடம்... எனக்கு மேல படிக்க முடியலை. கொஞ்ச நேரம் வெளிய பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு, "யாரு எழுதினது இது? அந்தம்மா இல்லையே."

"முதல் பக்கத்துல கீழ பாரு."

பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி அங்கே பார்த்தான். உள்ளே போய்த் தட்டு எடுத்து வைத்தான். இரண்டு தட்டு. எனக்குப் பரிமாறினான். பிறந்ததிலிருந்து இன்றுதான் முதல் தடவை.

ஜூன் 16, செவ்வாய்

வேலை இடுப்பை ஒடிக்கிறது. புதுத் தொடரில் கதையக்காவின் தபால் நிலையப் பெண் மூன்றாவது வாரமாகக் கலக்குகிறாள். ஆசிரியர் மேடத்தின் பின்னாலேயே காப்பியோடு சுற்றுகிறார். என் பக்கம் மட்டும் தாமதம். புயல் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் மாட்டியிருக்கிறான், வாய் திறந்தபடி. டாக்டர்தான் வில்லன். புயலை அங்கிருந்து எப்படி எழுப்புவது என்று எனக்கே தெரியவில்லை. நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டும்.

கதவைத் தட்டினான் அண்ணன். "உள்ள வரலை. ஒண்ணே ஒண்ணு. தப்பிச்சிடுவானா?"

"தெரியாது, போ" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அவன் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே போகிற சத்தம் கேட்டது.