திருப்பிப் போட்ட அட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், உன் அப்பாவின் இடது முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதைத் தவிர மற்ற பாகங்கள் எல்லாம் நலம், வாய் மிகவும் நலம். நீயும் நலமாக இருப்பாய், அப்படித்தானே ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆறு வரி மழையைப் பற்றி, மூன்று வரி உன் அறை ஜன்னலைப் பற்றி, கடைசியில் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரே ஒரு வரி, முப்பதாம் தேதி பயிற்சிக் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கிற தாளில் கையெழுத்துப் போடப் போகிறேன், நல்ல அனுபவம்தானேம்மா என்று. நல்ல அனுபவம்தான் கண்ணு, ஒன்றரை வருடத்தை ஆறு ஆறு மாதமாக எண்ணிப் பார்த்தால் அதுவும் மூன்றாவது தடவையாக. ஒரே வகுப்பில் மறுபடி மறுபடி உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்தில் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள், கம்பெனியில் அனுபவம் என்கிறார்கள். நீ வேலையில் சேர்ந்துவிட்டதாக ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எழுதினாய், பயிற்சி என்ற வார்த்தையே அப்போது வரவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் நீ அனுப்பிய போட்டோக்களில் எல்லாம் உன் கழுத்தில் தொங்குகிற அட்டை முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு போட்டோவில் காற்றடித்துத் திரும்பியிருக்கலாம். ஏழு போட்டோவிலுமா காற்றடிக்கும்?

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை, நானும் ஆறு மாதமாக உனக்குக் காது குத்திக்கொண்டுதான் இருந்தேன். வேலைக்குப் போகிறேன் என்று எழுதினேனே தவிர என்னவாகப் போகிறேன் என்று எழுதவில்லை. சீருடை தைக்கிற கம்பெனி மூடிய பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தேன் அல்லவா, அங்கே இருக்கிற அதிகாரி அம்மா ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துக் கொடுக்கிற ஒரு பெரிய சலவைக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு படிவம் கொடுத்தார். துணி துவைப்பதில் முன் அனுபவம் உண்டா என்று ஒரு கேள்வி. முப்பது வருடம் என்று எழுதினேன். எங்கே என்று கேட்டார், வீட்டில் என்றேன். அது சேராதும்மா என்று கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொல்லிவிட்டு, அனுபவம் இல்லை என்ற கட்டத்தில் அவரே டிக் போட்டார். அப்படியாக ஐம்பத்து மூன்று வயதில் நான் பயிலுநர் ஆனேன். இந்தப் பயிற்சி எப்படி நடக்க வேண்டும் என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். ஆறு மாதம் கம்பெனி எனக்கு வேலை கற்றுத்தர வேண்டும். தெரியாத ஆளை வைத்துக்கொண்டு அவர்கள் திண்டாடுவார்களே என்று அந்த ஆறு மாதமும் என் சம்பளத்தில் பாதியை அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். என்னென்ன கற்றுத்தரப் போகிறார்கள் என்று திட்டம் எழுத வேண்டும், கற்றுத்தருவதற்கென்று ஒரு ஆளைக் காட்ட வேண்டும், அந்த ஆள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பச்சைக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டும், அல்லது ஏன் கொடுக்கவில்லை என்று எழுத வேண்டும், அல்லது இன்னும் கற்க வேண்டியது பாக்கி என்று ஒரு தடவை நீட்டிக்கலாம். நேர்மையாக நடத்துகிற முதலாளிக்கு இது நல்ல ஏற்பாடுதான், ஆளைப் பழகிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், ஆளுக்கும் அந்த இடம் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். கேட்கும்போது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த 'அல்லது' எவ்வளவு பெரிய வாசல் என்று அப்போது தெரியவில்லை.

முதல் நாள் காலையில் சூப்பர்வைசர் அட்டை கொடுத்தார். உன்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், எப்போது பார்த்தாலும் கையில் கோப்போடு நடப்பதால் எங்களுக்குள் கோப்புத் தம்பி. அட்டையில் என் போட்டோவுக்குக் கீழே பயிற்சியாளர் என்று அச்சடித்திருந்தது. தம்பி, பயிற்சியாளர்னா சொல்லிக் கொடுக்கிறவங்க, நான் கத்துக்க வந்தவ, பயிலுநர்னு இருக்கணும் என்றேன். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டும் ஒண்ணுதாம்மா, பயிற்சின்னு வந்தா சரி என்றார். யார் கற்றுத்தருவது, யார் கற்றுக்கொள்வது என்று கம்பெனிக்கே தெரியாதபோது பாவம் அட்டை என்ன செய்யும். வீட்டுக்கு நடந்து வரும்போது அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருவேன். இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லவும் வெட்கம், கற்றுத்தருகிறேன் என்று பொய் சொல்லவும் வெட்கம். இந்தத் திருப்பிப் போடுகிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தம் இருபது நிமிடம், அதில் பத்து நிமிடம் கழிப்பறை எங்கே, டீ எங்கே என்பது. மற்றதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அழுக்குத் துணிப் பக்கம், சுத்தத் துணிப் பக்கம் என்று நடுவில் சுவர், அந்தப் பக்கத்துத் தள்ளுவண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது. டாக்டர் கோட்டு என்றால் முதலில் பையில் கைவிட்டுப் பார்க்க வேண்டும், ஒரு பேனா தப்பினால் நாற்பது கோட்டும் நீலம். படுக்கை விரிப்பைச் சூடான உருளைக்குள் விடும்போது இரண்டு பேர் இரண்டு முனையை இழுத்துப் பிடித்து, தைத்த ஓரத்தை முன்னால் விட வேண்டும், லேசாக ஈரம் இருக்க வேண்டும், எலும்பாகக் காய்ந்துவிட்டால் சுருக்கம் போகாது.

மூன்றாவது மாதம் புதிதாக நான்கு பயிலுநர்கள் வந்தார்கள். என் அட்டையைப் படித்துவிட்டு நால்வரும் நேராக என் முன்னால் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர், கண் பார்வை மங்கியதால் பஸ்ஸை விட்டவர், வணக்கம் மேடம் என்றார். நான் கோப்புத் தம்பியைப் பார்த்தேன். நீங்களே பாத்துக்குங்கம்மா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றார். எல்லாம் தெரிந்தவளுக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்கத்தான் நினைத்தேன், மேடம் என்ற வார்த்தை காதில் ஓடிக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன். டிரைவர் விரிப்பின் முனையை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்தார், ஒரு வாரம் எங்கள் விரிப்புகள் எல்லாம் இடது பக்கம் திரும்பியே போயின. பிறகு கை பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தால் அவங்க குறிப்பேட்டுல கையெழுத்தையும் நீங்களே போட்டுடுங்கம்மா என்று சொல்லிவிட்டுக் கோப்போடு போய்விடுவார். வீட்டிலும் ஒரு பயிலுநர் இருக்கிறார், உன் அப்பா. நான் வேலைக்குப் போனதிலிருந்து வீட்டுத் துணி அவர் பொறுப்பு. வெள்ளை பனியன் ஐந்தும் ரோஜா நிறம் ஆகிவிட்டன, நிரந்தரம் ஆக்குவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மாதம் முடிந்த அன்று கோப்புத் தம்பி எனக்கும் நீட்டிப்புத் தாளை நீட்டினார். இன்னும் கொஞ்சம் கத்துக்க வேண்டியது இருக்கும்மா, சுயமா முடிவெடுக்கிற திறமை வரணும் என்றார். என்ன கத்துக்கணும்னு சொல்லுங்க தம்பி என்றேன். கோப்பைப் பார்த்தார், அதில் இல்லை. எனக்கு வீரம் பொங்கியது என்று நினைக்காதே. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். கண்ணாடி எடுத்து வரவில்லை, வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லித்தான் தப்பித்தேன். மறுநாள் முன்னறிவிப்பில்லாமல் அதே அதிகாரி அம்மா பார்வையிட வந்தார். என் குறிப்பேட்டைத் திறந்தார். இருபத்தாறு வெள்ளிக்கிழமையும் ஒரே பேனா, ஒரே சாய்வு, கோப்புத் தம்பி ஒரே மூச்சில் போட்டது. கொதிகலன் கெட்டுப்போய்க் கூடமே பூட்டிக் கிடந்த வெள்ளிக்கிழமைகூட நான் நன்றாக முன்னேறியிருக்கிறேன். இவங்க நாலு பேருக்கும் யார் சொல்லிக் கொடுக்கிறது என்று கேட்டார். எங்க மேடம்தான் என்று டிரைவர் என்னைக் காட்டினார். தினமும் நூறு முகம் பார்க்கிறவருக்கு என் முகம் நினைவில்லை போல, அட்டையைப் படித்துவிட்டு, எத்தனை வருஷமா இங்க பயிற்சியாளரா இருக்கீங்க என்று என்னிடம் கேட்டார். கைப்பையிலிருந்த நீட்டிப்புத் தாளை எடுத்துக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டுக் கோப்புத் தம்பியிடம் நிதானமாகச் சொன்னார், இந்தம்மா கத்துக்கிறவங்கன்னா அந்த நாலு பேர் குறிப்பேடும் செல்லாது, நாலு பேருக்கும் அரசாங்கம் கொடுத்த பாதிச் சம்பளமும் திரும்பி வரணும், இவங்க கத்துக்கொடுக்கிறவங்கன்னா இந்தத் தாள் செல்லாது, எதுன்னு நீங்களே சொல்லுங்க என்று. டீ ஆறுவதற்குள் கோப்புத் தம்பி முடிவெடுத்துவிட்டார், சுயமாக. ஒன்றாம் தேதியிலிருந்து நான் நிரந்தரம். பதவி, பயிற்சியாளர். அட்டையை மாற்ற வேண்டிய வேலைகூட அவர்களுக்கு இல்லை, அதே அட்டை.

இப்போது உன் விஷயம். போன மாதக் கடிதத்தில், புதுசா வந்த மூணு பேருக்கு நான்தாம்மா எல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். எடுத்து மறுபடி படித்தேன். அந்த மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? உன் தாளில் அந்த ஆளின் பெயர் இருக்கிறதா? முப்பதாம் தேதி பேனாவை எடுக்கும் முன், எனக்கு இன்னும் என்ன தெரியவில்லை, அதை யார் எந்தத் தேதிக்குள் கற்றுத்தருவார்கள், அதன் பிறகு வேலை உண்டா என்று எழுத்தில் கேள். இதுவரை நீ தனியாகச் செய்து முடித்ததை எல்லாம் தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு போ. கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொன்னாலும் தப்பில்லை, ஒரு ராத்திரி அவகாசம் கிடைக்கும். எனக்கு அதிகாரி அம்மா வந்தது அதிர்ஷ்டம், உனக்கு அப்படி யாரும் வராமல் போகலாம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கேட்டதற்காக வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் வீட்டுக்கு வந்துவிடு. உன் கட்டிலில் இப்போது மடித்த துணி இருக்கிறது, எடுத்துவிடுவேன். நீ தோற்றுப் போய் வருவதாக நான் நினைக்க மாட்டேன். ஒன்றரை வருடம் அதை எங்களிடம் மறைத்துக்கொண்டு தனியாகத் தவித்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே, நல்லபடியாக இரு. உன் நல்ல மனசுக்கு ஒரு குறையும் வராது. அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி, அவரே எழுதியிருப்பார், கை முழுக்க சோப்பு நுரை. ஞாபகமாக ஒன்று, முப்பதாம் தேதி முடிந்ததும் ஒரு போட்டோ அனுப்பு. அட்டையைத் திருப்பிப் போடாதே. அதில் என்ன எழுதியிருந்தாலும் சரி, நான் படிக்க வேண்டும். என்னுடையதை இப்போது நேராகப் போட்டுக்கொண்டுதான் தெருவில் நடந்து வருகிறேன்.

என்றும் உன்
அம்மா