வயரை யாரும் அறுக்கவில்லை

அன்புள்ள அண்ணே,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் எழுதினால் பிள்ளை பேனாவைப் பிடுங்குகிறான். இப்போதுதான் தூங்கினான். அதற்குள் இரண்டு முறை எழுந்துபோய், மூக்கின் கீழ் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான் இப்போது.

முந்தாநாள் எங்கள் தெரு வழியாக ஒரு கோயில் கொடை ஊர்வலம் போனது. டெம்போ நிறைய ஸ்பீக்கர் பெட்டிகள். பாட்டு என்ன என்றே தெரியவில்லை, அடி மட்டும்தான். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மடியில் இருந்த பிள்ளையின் விலா எலும்பு என் உள்ளங்கைக்குள் அதிர்ந்தது. அவன் வீறிட்டு அழுது, கையை ஓங்கி என் கன்னத்தில் ஒன்று வைத்தான். ஒன்றரை வயதுப் பிள்ளையின் அடிதான். மாமியார் சிரித்தார்கள். "கொள்ளாம்லா! மாமனுக்க கை அப்பிடியே இருக்கு." அவர்கள் உன்னைப் பார்த்ததில்லை. நீ ஒருவனை அடித்த கதை மட்டும் தெரியும்.

நீ போய் ஆறு வருஷம். கடிதம் இல்லை, போன் இல்லை. அம்மை உன்னைப் பற்றிப் பேசும்போது "இருந்தான்" என்றே சொல்லப் பழகிவிட்டாள். போன மாதம் லீவில் வந்த பக்கத்து வீட்டு டிரைவர்தான் உன்னை மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததாகச் சொல்லி முகவரி தந்தார். அம்மையைப் பற்றி நீ கேட்கவில்லையாம். "வயரறுத்த தாசன் இன்னும் நடமாடுகானா? நான் வந்தா மத்த கையையும் எடுப்பேன்னு சொல்லு" என்றாயாம்.

அதனால்தான் எழுதுகிறேன்.

சுனாமிக்கு மறு வருஷம். நான் இயற்பியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கொடை ஊர்வலத்தில் ஓட்ட உன் டெம்போவுக்கு சவுண்ட் செட் வாங்க என்னையும் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாய். ஊஃபர் ஸ்பீக்கரைக் கவிழ்த்து, அதன் காந்தத்தைச் சந்தையில் சேனைக்கிழங்கு தூக்கிப் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தாய். கடைக்காரர் ஆம்ப்ளிஃபயரைத் தட்டி, "ரெண்டாயிரம் வாட்ஸாக்கும்" என்றார். "அது ஒரு நொடி வந்துட்டுப் போற வாட்ஸ். நிண்ணு பாடுற வாட்ஸ் எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எனக்க தங்கச்சி முன்னால ஒட்டியிருக்கத வாசிக்க மாட்டா, பின்னால உள்ளத வாசிப்பா" என்றாய். அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அன்று பதினெட்டு இஞ்சுப் பெட்டி இரண்டும், அவற்றுக்குப் பொருந்திய ஒரு ஆம்ப்ளிஃபயரும் எடுத்தோம். சரியான ஜோடி.

சோதித்துப் பார்க்க ஆரல்வாய்மொழிக்குப் போனதில்தான் எல்லாம் கெட்டது. வீடுகள் இல்லாத இடம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றாய். காற்றாலைகளுக்குக் கீழே டெம்போவை நிறுத்தி முழுசாகத் திருகினாய். கணவாய்க் காற்று அத்தனை சத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. நீ நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாய்.

"ஒண்ணும் இடிக்கலியே மக்கா."

"இங்க செவரு இல்ல அண்ணே. நம்ம தெருவுக்குள்ள வந்தா இதே பெட்டி கூரை ஓட்டைப் பிரிச்சுரும்."

நீ நம்பவில்லை. பக்கத்து ஊர் செட்டில் ஆறு பெட்டி என்பதே உன் தலைக்குள் ஓடியது. மறுபடி கடைக்குப் போனோம். ஒன்று, இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம். இல்லையென்றால் இன்னும் இரண்டு பெட்டி. இரண்டுக்கும் சேர்த்து வழியில்லை. ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும் என்றேன்.

"ஆம்பு யாருக்குட்டி கண்ணுல தெரியும்? பெட்டிதான் தெரியும்."

"ஒரு ஆம்புல நாலு பெட்டி போட்டா தாங்காது. சூடாகி அதுவா நிண்ணுரும். நடுத்தெருவுல நாணங்கெட்டுப் போவ."

அடித்தாய். கடைக்காரர், லோடு ஏற்றுகிறவர்கள், டீ கொண்டுவந்தவர், எல்லோருக்கும் முன்னால். என் கம்மல் தெறித்து பெட்டிக்கு அடியில் போய் விழுந்தது. "ஒனக்க கணக்க கெட்டப்போறவன்ட்ட காட்டு" என்றாய். வாய்க்குள் ரத்தம் உப்புக்கரித்தது. நான் அழவில்லை. குனிந்து கம்மலை எடுத்துக்கொண்டேன். நீ இன்னும் இரண்டு பெட்டியை டெம்போவில் ஏற்றச் சொன்னாய்.

அண்ணே, நான் சொல்ல வேண்டியது இதுதான். நாலு பெட்டியையும் அந்த ஒரு ஆம்ப்ளிஃபயர் தாங்குகிறபடி இரண்டிரண்டாகக் கோத்து இணைக்க முடியும். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் நிற்காது. அது எனக்குத் தெரியும். கொடைக்கு முந்தின நாள் நீ திருப்புளியை என் கையில் தந்து "மாட்டு" என்றபோது, நான் அப்படி மாட்டவில்லை. நாலையும் தனித்தனியாக இழுத்து ஒரே இடத்தில் முடுக்கினேன். முடுக்கும்போது கணக்குப் போட்டேன்: முழுச் சத்தத்தில் அரை மணி நேரம்தான் தாங்கும். நாளைக்கு ஊர் பார்க்க இவன் முகம் தொங்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். முகம் தொங்குவதோடு நிற்கும் என்று.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? தெரு முக்கில் இரண்டு செட் எதிரெதிரே மாட்டிக்கொண்டால், எது முதலில் நிற்கிறதோ அது அடுத்த கொடை வரை தோற்ற செட். சாயங்காலம் நாலரைக்கு நீங்களும் பக்கத்து ஊர் செட்டும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றீர்கள். இரண்டு பக்கமும் சுவர். கூரையிலிருந்து ஓடு சரிந்து ஒருத்தியின் காலடியில் சிதறியது. நான் பெண்களோடு ஒரு வீட்டு முற்றத்தில் நின்று, கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்திலேயே கடிகாரம் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

நின்றது.

அவர்களும் நிறுத்திவிட்டுக் கூவினார்கள். "லேய், அம்மட்ட போய் பால் குடிச்சிட்டு வாலே!" அந்த நேரம் பார்த்து அவர்களுடைய வயர்மேன் தாசன் உன் டெம்போவுக்குப் பின்னால் குனிந்து நின்றான். நெரிசலில் கழன்ற செருப்பைத் தேடி எடுத்தான். நீ திரும்பிப் பார்த்தாய். ஜாக்கி லிவரோடு குதித்தாய். முதல் அடி அவன் வலது முழங்கையில். அத்தனை சத்தமும் அடங்கிய தெருவில் எலும்பு உடைந்தது எல்லோருக்கும் கேட்டது. அவன் செருப்பை விடவில்லை, அதைக் காட்டி ஏதோ சொல்ல வந்தான். இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கினபோது உன் கையில் ஐந்து பேர் தொங்கினார்கள். பிறகு அவர்கள் ஆட்கள் சவுக்குக் கம்போடு வந்தார்கள். உன் புருவம் பிளந்தது. நாலு ஊஃபரையும் வெட்டுக்கத்தியால் கிழித்தார்கள், கோழி வயிற்றைக் கிழிப்பதுபோல.

மறுநாள் காலை, போலீஸ் தேடி வருமுன் நீ ஊரைவிட்டுப் போக நின்ற இரணியல் ரயில் ஸ்டேஷனுக்கு உன் சட்டைகளைக் கொண்டுவந்தேன். புருவத்துக் கட்டு நனைந்து, ஒரு கண்தான் திறந்திருந்தது. "அவன் வயர அறுத்தான். நீ பாத்தேல்லா மக்கா?" என்றாய்.

"பாத்தேன்" என்றேன்.

பார்க்கவில்லை அண்ணே. உன் ரயில் போனதும் வீட்டுக்கு வந்து டெம்போவில் ஏறிப் பார்த்தேன். ஒரு வயர்கூட அறுபடவில்லை. நான் முடுக்கின எல்லாமே முடுக்கின இடத்தில் இருந்தன.

தாசனின் கை நேராகவில்லை. வலது காது கேட்காது. ஊரில் அவனுக்கு 'வயரறுத்தான்' என்று பெயர் விழுந்துவிட்டது. எந்த செட்டிலும் சேர்த்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் மகளை 'வயரறுத்தானுக்க மோளே' என்று கூப்பிடுகிறார்கள். நான் பஸ்ஸில் அவனைப் பார்த்தால் முன்வாசலில் இறங்கிவிடுவேன். ஆறு வருஷமாக இறங்கினேன்.

நேற்று இறங்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போய், அவன் மனைவியும் மகளும் கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கிற காதை என் பக்கம் சாய்த்துக் கேட்டான். கேட்டு முடித்ததும் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்தான். குடம் சுவரில் மோதி நசுங்கியது. இடது கையை ஓங்கிக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்தான். அவன் மனைவி கூச்சல் போட்டாள். பிள்ளை என் தோளில் முகத்தைப் புதைத்தான்.

"கையில பிள்ள இருக்கு. இல்லேன்னா கொன்னுருப்பேன்" என்றான். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டான். என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஊர்ல நீ சொல்லு, சொல்லாண்டாம், அது ஒனக்க இஷ்டம் தங்கச்சி. ஆனா ஒனக்க அண்ணனுக்கு எழுது. ஒவ்வொரு கொடைக்கும் அவன் வாறான்னு ஆரோ சொல்லுகானுவ. நான் மோளக் கூட்டிட்டு மாமியார் வீட்ல போய்க் கெடக்கேன்."

ஊரிலும் சொல்லத் தொடங்கிவிட்டேன். அம்மைக்கு இன்று மதியம் சொன்னேன். அவள் உலையில் அரிசியைப் போட்டாள். என் வீட்டுக்காரரிடம் நாளைக்குச் சொல்வேன்.

நீ அடித்ததற்கு நான் உன்னைத் திருப்பி அடித்தேன். அது உன்மேல் விழாமல், செருப்பு தேடிக் குனிந்த ஒருவன்மேல் விழுந்தது. அந்த எலும்பின் சத்தம் எனக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கும்போதுகூட நடுவில் வந்து நிற்கிறது. அதை இறக்கி வைக்க எனக்கு இடமில்லை, நீயும் தூக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் தாசன்மேல் வைத்திருக்கிற கோபத்தை இன்றே கீழே போடு. யார்மேலாவது போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் என்மேல் போடு, நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

இனி அவன்மேல் கை வைக்க மாட்டேன் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி எழுது. அதைக் கொண்டுபோய் அவனிடம் காட்ட வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் சீக்கிரம் பதில் போடு அண்ணே.

உன் தங்கை