ஃப்ரீசரில் வைத்த மருந்து

அன்பு மகள் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் கால் நன்றாக ஆறிவிட்டது. நேற்று மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தாள். வேண்டாமென்றால் கேட்கிற ஆளா அவள்? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த நான்கு மாதமாக நீ அம்மாவிடம் பேசிவிட்டு, "அப்பாவைக் கேட்டேன்னு சொல்லும்மா" என்று வைத்துவிடுகிறாய். நான் போனை வாங்கிய இரண்டு தடவையும் மின்விசிறி சத்தம் போடுவதைப் பற்றித்தான் பேசினேன். வாய் வரைக்கும் வந்தது வெளியே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இது எழுத்தில், என் கையெழுத்தோடு இருக்க வேண்டிய விஷயமும்கூட.

அம்மா காலில் வெந்நீர் கொட்டியபோது நீ லீவு போட்டு வந்து இரண்டு பாட்டில் மருந்து கொடுத்துவிட்டுப் போனாய். லாவெண்டர் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த எமல்ஷன் என்றாய். தானாகச் சேராத இரண்டையும் பிடித்துவைத்திருப்பதுதான் கம்பெனி லேபில் உன் வேலை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. குலுக்கிவிட்டுத் தடவ வேண்டும், அறையிலேயே வைக்க வேண்டும், உறையவிடவே கூடாது என்று லேபிளில் உன் கையாலேயே எழுதியிருந்தாய்.

நீ பஸ் ஏறியதும் நான் ஒரு பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தேன்.

நாற்பது வருஷம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவன். குளிரில் வைத்தால் எதுவும் கெடாது என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பிழைத்தவன். நேற்று வந்த பெண் எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்ற திமிர்தான், வேறென்ன. நான்கு நாள் கழித்து எடுத்து, உருகவிட்டுப் பார்த்தேன். மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. கீழே கலங்கின தண்ணீர், அதில் திரிந்த பால் மாதிரித் துணுக்குகள். அப்போதாவது உன்னைக் கேட்டிருக்கலாம். மேலே மிதப்பதுதான் சத்து என்று நானே முடிவு செய்து, அந்த எண்ணெயை மட்டும் பஞ்சில் எடுத்து அம்மாவின் புண்ணில் தடவினேன். எரிகிறது என்றாள். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றேன். மறுநாளும் தடவினேன்.

மூன்றாம் நாள் கால் சிவந்து வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ கேட்ட முதல் கேள்வி, நான் சொன்ன மாதிரி வெச்சிருந்தீங்களாப்பா என்பது. ஆமாம் என்றேன். அதோடு விட்டேனா? "பெத்த தாயோட காலையா சோதனை பண்ணிப் பாக்குற" என்றும் கேட்டேன். நீ "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய்.

அந்தச் "சரிப்பா" என் காதிலேயே இருக்கிறது. வீங்கின காலைப் பார்த்தபோதே, ஃப்ரீசரால்தான் இப்படி ஆயிற்றோ என்று எனக்கு உறைத்துவிட்டது. தெரிந்தேதான் சொன்னேன். பயந்துவிட்டேன் சுண்டெலி.

நீங்கள் சோதனைக்குத் தடவிப் பார்த்த இருபது பேருக்கு ஒன்றும் செய்யாத மருந்து, தன் அம்மாவுக்குக் கெடுதல் செய்தது என்று நீயே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்ததை அம்மா சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் லேப் மேடம் அந்த மருந்து வேலையையே நிறுத்தப்போகிறார் என்பதையும், உன்னைச் சோப்புப் பிரிவுக்கு மாற்றப்போவதையும் போன வாரம் சொன்னாள். மூன்று வருஷம் நீ கட்டிக்காத்ததை நான் ஒரு வார்த்தையில் கவிழ்த்துவிட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க, அவகிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் சாப்பாடு மேஜைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

சும்மா வாயால் சொன்னால் மேடம் நம்புவாரா என்று யோசித்தேன். பிரிந்துபோன பாட்டிலைத் தூக்கிப்போட மனசு வராமல், பட்டறையில் பழைய கம்ப்ரஸர்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். இரண்டாவது பாட்டில் அலமாரியிலேயே இருந்தது, இன்னும் அதே பால் வெள்ளை. ஆறு நாளாக அதைக் குலுக்கி இடது கையில் தடவினேன். கெட்டதில் மேலே மிதக்கும் எண்ணெயை வலது கையில் தடவினேன். இடது கை அப்படியே இருக்கிறது. வலது கை இரண்டாம் நாளே சிவந்து தடித்துவிட்டது; அதோடு நிறுத்திக்கொண்டேன். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். சோதனை பண்ணிப் பார்க்க வேண்டிய தோல் என்னுடையதுதான்.

இரண்டு பாட்டிலையும் தனித்தனியாகச் சுற்றி இந்தக் கூரியரிலேயே அனுப்புகிறேன். கூடவே தனித்தாளில், எந்தத் தேதியில் எதை எங்கே வைத்தேன், எப்படித் தடவினேன், உன்னிடம் என்ன பொய் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அம்மாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதை மேடத்திடம் கொடு. அப்பாவுக்கு அவமானம் என்று பார்க்காதே. தப்பு ஃப்ரீசரிலும் என் வாயிலும்தான், உன் மருந்தில் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கொடுத்துவிடு.

அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் சொல். நேரில் வந்து, அந்த வெள்ளைக் கோட்டுக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

நீ நன்றாயிருக்க வேண்டும். உன் கை பட்டது எதுவும் வீண் போகக்கூடாது. வெள்ளிக்கிழமை முடிந்ததும் ஒரு போன் செய். அம்மாவுக்கு இல்லை, எனக்கு. திட்டுவதற்காகவாவது செய். மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இப்படிக்கு,
லேபிளைப் படித்தும் கேட்காத
உன் அப்பா