முந்நூற்றில் தெரியாத முகங்கள்

இன்று காலை உன் தங்கை ஸ்டூடியோவுக்கு வந்தாள். பட்டர் பேப்பர் உறைக்குள் ஒரே ஒரு நெகட்டிவ் துண்டு. உறையின் மேல் உன் கையெழுத்து: 'அம்மா, வயல்'.

"அண்ணே, மொகம் தெரியிற மாதிரி பெருசா போட்டுக் குடுங்க. திங்கக்கிழமை தாசில்தாரு சுடுகாட்டுப் பாதையப் பாக்க வர்றாரு. போன தடவ குடுத்த படத்துல யாரு மறிச்சான்னே தெரியலன்னுட்டாங்க."

போன தடவை ஸ்கேன் செய்தவனும் நான்தான்.

உன் அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோது எங்கள் தெரு ஆட்கள் வாய்க்கால் கரையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு மறித்தார்கள். பாடையோடு நீங்கள் நடவு வயலில் இறங்கினீர்கள், முழங்கால் வரை சேறு. படம் எடுத்தவர்களின் போனைப் பிடுங்கி அழித்தார்கள். உன் ஃபிலிம் கேமராவைப் பார்த்து மட்டும் சிரித்தார்கள். "காயலான் கடை கேமராடா, விடு." அதற்காகவே நீ அதைத் தோளில் மாட்டி வந்திருந்தாய்.

மறித்தவர்களில் என் அப்பா முதல் ஆள். அது உனக்கும் தெரியும். ஃபிலிமைக் கழுவி என்னிடமே கொண்டுவந்தாய், கேட்டால் செய்வேன் என்று நம்பி. நான் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி மட்டும் வைத்து ஸ்கேன் செய்து, அதை இழுத்துப் பெரிதாக்கி அச்சடித்தேன். முகமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது.

"எவ்வளவுடா வச்ச?"

"முந்நூறு."

"அது அச்சுப் படத்துக்கு. ஃபிலிமு ரெண்டு விரக்கடை கூட இல்ல. மூவாயிரத்து எரநூறாவது வைக்கணும்டா."

"மெஷின் பழசு. அதுக்கு மேல போவாது."

நீ என்னையே பார்த்தாய். "சரி, விடு" என்றாய். அதன் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவேயில்லை. நாலு மாதத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாய். உன்னையும் அதே சேற்றில்தான் தூக்கிப் போனார்கள்.

இன்று அதே மெஷினில் மூவாயிரத்து இருநூறு வைத்தேன். ஸ்கேனரின் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. முள் தெரிந்தது. பாடையின் மூங்கில் தெரிந்தது. பிறகு அப்பா, வாயைத் திறந்தபடி. கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் யார் பார்த்தாலும் அவர்தான் என்பார்கள். அவர் தோளுக்குப் பின்னால், இமைமயிரைக்கூட எண்ணும்படி, ஒரு முகம் மட்டும் துல்லியமாக இருந்தது.

நான்.

அன்று தஞ்சாவூரில் வேலையாக இருந்தேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். பின்னால் பதுங்கி நின்றதை நீ பார்க்கவில்லை என்றே இத்தனை நாள் நம்பினேன். உன்னுடையது கையால் திருகி ஃபோகஸ் வைக்கும் கேமரா. அம்மாவின் பாடை பக்கத்தில் நிற்க, நீ நிதானமாக என்மேல் திருகியிருக்கிறாய்.

ஓரத்தைக்கூட வெட்டாமல் பெரிய தாளில் போட்டுவிட்டேன். உன் தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா இரண்டு முறை போன் செய்துவிட்டார், நான் எடுக்கவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இருக்குமா, உடம்பில் உயிர் இருக்குமா, தெரியாது. தாளை உறைக்குள் போடுகிறேன். "சரி, விடு" என்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது.