முனியன் கேட்ட அரை இஞ்ச்

கள்ளக்குறிச்சி
ஞாயிறு, பிற்பகல்

அன்புத் தம்பி சாமுக்கு,

செய்யாத தப்பை ஒருவர் மேல் போட்டால், அவர் ஏன் ஒரே ஒரு தடவை மறுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்? மூன்று வாரமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் உன்னிடம்தான் கேட்க வேண்டும். அந்தத் தப்பை ஊர் உலகத்துக்குச் சொன்னதில் உனக்கும் பங்கு இருக்கிறது. நீ தெரியாமல் செய்தாய். நான் தெரிந்தபின்னும் விட்டுவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் புகுந்து, "வுடுக்கா, யாருக்குத்தான் நடக்கல" என்று தேற்றிவிடுவாய். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். முழுவதையும் படித்த பிறகு கூப்பிடு.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு இன்று பூசைக்குப் போய்வந்தார். கோயில் சுவரில் இத்தனை விரிசல் இருப்பது இப்போதுதான் தெரிகிறதாம், பங்குச்சாமியாரிடம் நேராகவே சொல்லிவிட்டார். நீ பெர்த்திலிருந்து அனுப்பிய பிரேக் ரப்பர்களும் கதவு பீடிங்கும் வந்துவிட்டன. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

இனி என் ஜீப் பிக்கப்பைப் பற்றி. கரியாலூர் மலையில் என்ன நடந்தது என்று அன்று நான் உனக்குச் சொன்னது இதுதான்: முனியன் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டார், பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டினார், பிரேக் சூடாகி விட்டுவிட்டது, வண்டி மலைப்பக்கம் மோதியது. நீ அதை அப்படியே உங்கள் பழைய வண்டிக் குழுவில், நசுங்கிய மட்கார்டு படத்தோடு போட்டாய். "எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டியை மலை டிரைவரிடம் கொடுக்காதீர்கள்" என்று தலைப்பு வைத்தாய். நூற்றுக்கணக்கான பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

நடந்தது வேறு.

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது என்று வீடியோவைப் பார்த்து நீ சொன்னாய், நினைவிருக்கிறதா? அந்த வாரமே நான் புது பிரேக் லைனிங் போட்டு, பெடலுக்கும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ராடை முறுக்கி நீளமாக்கினேன். பெடல் கல் மாதிரி ஆனது. கச்சிராயபாளையம் ரோட்டில் நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். தொட்டால் நின்றது. திருப்தியாக இருந்தது. என் வழக்கப்படி, முறுக்கிய நட்டின் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். எந்த நட்டை நான் இறுக்கினேன், அது அசைந்ததா இல்லையா என்று அந்தக் கோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பழைய பிக்கப்புகள் கரியாலூருக்குப் போனோம். வளைவுகளில் எனக்கு ஓட்ட வராது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டும் முனியன்தான் ஞாயிறுகளில் எனக்கு ஓட்டித்தருவார். பிறந்ததே அந்த மலையில். அவர் மனைவி காசியம்மாளுக்கும் அம்மா வீடு மேலேதான், அதனால் அவரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் ஆரோக்கியதாஸின் வண்டியில் வந்தேன். முனியன் வேன் ஓட்டும் அதே பள்ளிக்கூடத்துக்கு இவர்தான் மேனேஜர்.

மேலே போய் நிறுத்தியதும் முனியன் நாலு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். என்னிடம் வந்து, "சக்கரம் கொதிச்சிக்கினு கீதுங்க மேடம். பெடல்ல ஆட்டமே இல்ல. ஒரு அரை இஞ்சாவது சும்மா எறங்கணும். ஸ்பேனர் குடுத்தீங்கன்னா ராடை லூசு வுட்டுடுவேன்" என்றார்.

எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "புது லைனிங் அப்படித்தான் இருக்கும் முனியன். படிச்சுட்டுத்தான் பண்ணியிருக்கேன்." ஆரோக்கியதாஸ் சிரித்தார். "இன்னா முனியன், பிசிக்ஸ் புரபசருக்கே சூடு பத்தி பாடம் எடுக்கிறியா?" முனியனும் சிரித்தார். ஸ்பேனரை அவர் மறுபடி கேட்கவில்லை.

இறங்கும்போது ஐந்தாவது வளைவில் பெடல் தரைவரை போய்விட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் விடாமல், மலைப்பக்கச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். ஸ்டியரிங் திருப்பி அடித்ததில் அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. காசியம்மாளுக்கு நெற்றியில் மூன்று தையல். அந்த இடத்தில் எதிரே கைப்பிடிச் சுவர் கூட இல்லை, சாம்.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தீய்ந்த வாடை. ஆரோக்கியதாஸ் முதலில் என்னைத்தான் பார்த்தார். "பிரேக் நீங்கதான மேடம் பண்ணீங்க?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் எதையும் யோசிக்குமுன் என் வாய் சொல்லிவிட்டது: "நியூட்ரல்ல விட்டிருப்பார். டீசல் மிச்சம் பண்ண இவங்க அப்படித்தான் இறக்குவாங்க." எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று வகுப்பில் பெருமை பேசுகிறவள் நான். அன்று ஒன்றையும் சோதிக்கவில்லை.

முனியன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் நியூட்ரல்ல எறக்கலங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. காசியம்மாள்தான் ரத்தத்தைத் துடைத்தபடி கத்தினார். "செகண்டுலதான் வந்தோம். நான் பக்கத்துலயேதான குந்திக்கினு இருந்தேன்?" அதற்கு நான் ஆரோக்கியதாஸ் பக்கம் திரும்பி, மெதுவாக, "இவங்களுக்குக் கியர் தெரியுமா?" என்றேன். மெதுவாகத்தான். ஆனால் கேட்கும் தூரத்தில். இரண்டு பேர் சிரித்தார்கள். வேன் டிரைவருக்குப் பதினெட்டு வருஷம் மனைவியாக இருப்பவர், எந்தக் கியர் என்று சத்தத்திலேயே சொல்வார். அது எனக்குத் தெரியாதா?

மறுநாளே ஆரோக்கியதாஸ் வேன் சாவியை வாங்கிவிட்டார். "நியூட்ரல்ல எறக்குற ஆளை நம்பிப் புள்ளைங்களை ஏத்த முடியாது மேடம், நீங்களே சொல்லுங்க" என்று என்னிடமே கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

ஐந்து நாள் கழித்து வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. முனியன் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினேன். பெடலை ஐந்தாறு தடவை மிதித்துவிட்டுக் காலை எடுத்தேன். சக்கரத்தைக் கையால் சுற்றினேன், சுற்றவில்லை. காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்தது. பெடலில் சும்மா இறங்கும் தூரம் இல்லாவிட்டால் பிரேக் எண்ணெய் திரும்பிப் போக வழியில்லை. சக்கரம் உரசிக்கொண்டே ஓடும், எண்ணெய் கொதிக்கும், பெடல் தரைக்குப் போகும். ராடு நட்டின் மேல் என் மஞ்சள் கோடு, நான் போட்ட இடத்திலேயே அசையாமல் இருந்தது. ராடை ஒன்றரைச் சுற்றுக் குறைத்தேன். சக்கரம் தாராளமாகச் சுற்றியது.

அடுத்து செய்ததை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். தின்னரில் துணியை நனைத்து அந்தக் கோட்டைத் துடைத்தேன். யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஆனாலும் நகத்தால் சுரண்டிச் சுத்தமாகத் துடைத்தேன்.

அதிலிருந்து பதினாறு நாள் ஆகிறது. கல்லூரிக்குப் போகிறேன், அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், சாப்பிடுகிறேன். வடக்கனந்தலில் முனியன் வீட்டு வழியாகப் பஸ் போகும்போது மறுபக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை பள்ளிக்கூடத்தில் வேனுக்குப் புது ஆளை நிரந்தரமாக வைக்கப் போகிறார்களாம். இன்று பூசை முடிந்து வரும்போது ஆரோக்கியதாஸ் சொன்னார். நாளைக் காலை போய்ச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இப்படி ஏற்கெனவே மூன்று முறை முடிவு செய்தவள் நான், அதனால் இதை வைத்து என்னைப் பற்றி நல்லதாக எதுவும் நினைத்துவிடாதே.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பதிவை எடுத்துவிடு. எடுத்தால் மட்டும் போதாது. அதே இடத்தில், பிரேக்கைக் கெடுத்தது உன் அக்கா மெர்லின், டிரைவர் முனியன் முன்கூட்டியே எச்சரித்தார், பிரேக் இல்லாத வண்டியைப் பள்ளத்தில் விடாமல் நிறுத்தியவரும் அவர்தான் என்று எழுது. 'சிறு கவனக்குறைவு' என்று மட்டும் எழுதிவிடாதே. நீ அப்படித்தான் எழுதப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். என் மேல் உள்ள பாசத்தில் அதைச் செய்யாதே.

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாராக. நீ ஓட்டும் வண்டிகளையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். எனக்காக என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தோன்றுவதை வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா
மெர்லின்


திங்கள், மாலை

நேற்று அனுப்பவில்லை. போகாமல் இருந்துவிட்டு அனுப்பினால் இந்தக் கடிதமும் ஒரு நாடகமாகிவிடும் என்று வைத்திருந்தேன்.

எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆரோக்கியதாஸிடம் பிரேக் தப்பு என்னுடையது என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "உங்க நல்ல மனசு யாருக்கு வரும் மேடம்? பாவம் பாத்து அவன் பழியை நீங்க ஏத்துக்கிறீங்க" என்றார். சாம், அவர் நம்பவில்லை. விடாமல் அவரை ஷெட்டுக்குக் கூட்டிவந்தேன். ராடை மறுபடி ஒன்றரைச் சுற்று முறுக்கி, சக்கரம் சுற்றாததைக் காட்டினேன். "இப்ப நீங்க முறுக்கினீங்க, நிக்குது. அன்னிக்கி இப்படித்தான் இருந்துச்சின்னு இன்னா சாட்சி?" என்றார். சாட்சி இருந்தது, நான்தான் துடைத்தேன் என்றேன். எதை வைத்து, எப்போது துடைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அதன் பிறகுதான் நம்பினார். அவர் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுதிக் குடுங்க, கமிட்டியில வைக்கிறேன். ஆனா வேன் போயிடுச்சிங்க. புது ஆள் ஏழரைக்கே கையெழுத்துப் போட்டுட்டு வண்டி எடுத்துட்டான்" என்றார். நான் போய்ச் சேர்ந்தது எட்டு மணிக்கு. எழுதிக் கொடுத்தேன். அதையே அன்று கூட வந்த மற்ற வண்டிக்காரர்களுக்கும் அனுப்பினேன். இதுவரை யாரும் பதில் போடவில்லை.

அங்கிருந்து வடக்கனந்தலுக்குப் போனேன். காசியம்மாள் வாசலில் மல்லாட்டை ஓட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இத அங்க, அத்தினி பேர் முன்னால சொல்லியிருக்கணும். இங்க வந்து எங்கிட்ட எதுக்கு சொல்லிக்கினு? எனக்குத்தான் தெரியுமே" என்றார். உரிப்பதை நிறுத்தவில்லை.

முனியன் கையில் மாவுக்கட்டோடு உள்ளேயிருந்து வந்தார். வேன் போய்விட்டது என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டார். ஏன் ஒரு தடவைக்கு மேல் மறுக்கவில்லை என்று கேட்க நினைத்துப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. கேட்கவில்லை.

மாவுக்கட்டை மறு கையால் தாங்கிக்கொண்டு, "ராடை எத்தினி சுத்து வுட்டீங்க மேடம்?" என்றார்.

ஒன்றரை என்றேன்.

"ஜாஸ்திங்க. ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.