பிளக்கடியில் அறுந்த கம்பி

அன்புள்ள அம்மா,

இங்கே நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டிய அன்று காலையில் என் பிரிண்டர் விளக்குகூட எரியாமல் கிடந்தது. பகல் பன்னிரண்டு தவறினால் ஊர் திரும்புவது ஆறு மாதம் தள்ளிப்போகும்.

"தூக்கிப் போடுடி, ஏன் அதோட மல்லுக்கட்டறே?" என்றாள் அறைத்தோழி.

"இன்னும் சாகலடி" என்றேன்.

பயப்படாதே, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட்டேன். கம்பி அறுந்திருக்கிறதா என்று காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்ததில், பிளக்குக்குப் பக்கத்தில் ஒயருக்குள்ளே கம்பி அறுந்திருந்தது தெரிந்தது. தினமும் நான் இறுக்கிச் சுருட்டியதன் பலன். அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுப் பிளக் பொருத்தினேன். பதினொன்றரைக்குக் கடைசிப் பக்கமும் வந்தது. கொடுத்துவிட்டேன்.

கொஞ்சம் மை மிச்சமிருக்கிறது. நீ கடைக்கு எழுதும் சாமான் சீட்டைப் படமெடுத்து அனுப்பு. ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு முடிந்து ஊருக்கு வரும்வரை, அதை அச்சடித்து இங்கே சுவரில் ஒட்டிவைக்கிறேன். டைப் பண்ணாதே, உன் கையெழுத்துதான் வேண்டும்.

நிறுத்தத்தில் நின்றுதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உன் மகள்